அமைதியான ஜாஸ் பியானோ ஆல்பம்: அதில் சரக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பியானோவின் வலது பெடலை மிதித்தபடி, நடுப்பகுதியில் உள்ள வெள்ளைக் கட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக மெதுவாக அமுக்கிப் பாருங்கள். பியானோவே தெரியாதவர் அமுக்கினாலும் அழகாகத்தான் இருக்கும். தொடாத தந்திகளும் சேர்ந்து அதிரும், நாதம் தானே விரியும், கேட்கிறவர் தலையாட்டுவார். தனி பியானோவில் தியானம் போல வாசிக்கப்படும் ஜாஸ் ஆல்பங்களை எடைபோடுவதில் உள்ள சிக்கலே இதுதான். முதல் ஐந்து நிமிஷத்து அழகை வாத்தியமே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. வாசிப்பவர் தன் பங்குக்கு என்ன கொடுத்தார் என்பது அதற்கப்புறம்தான் தெரியும்.

வேகமான ஆல்பத்தில் ஓட்டை சீக்கிரம் வெளியே வந்துவிடும். விரல் தடுமாறும், அதே வரிசை திரும்பத் திரும்ப வரும், தாளம் நழுவும். மெதுவாக வாசிப்பவருக்கு ஒளிந்துகொள்ள இடம் நிறைய. எதிரொலி இருக்கிறது, மௌனம் இருக்கிறது, அட்டைப்படத்தில் பனிமூட்டம் இருக்கிறது.

நான் தேடுவது ஒன்றைத்தான். வாசிப்பவர் முடிவெடுக்கும் இடங்கள் காதில் விழுகின்றனவா? 'இங்கே இவர் வேறு பக்கம் போயிருக்கலாம், ஆனால் இப்படிப் போனார்' என்று நிமிஷக் கணக்கோடு சுட்டிக்காட்ட முடிந்தால் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். முடியாவிட்டால், எவ்வளவு இதமாக இருந்தாலும் அது பின்னணி ஓசை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்காகத்தான். ஸ்வரக் குறிப்பு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு தாளும் போதும்.

படி 1: உட்கார்ந்து கேளுங்கள்

இந்த வகை ஆல்பத்தைப் பெரும்பாலோர் வேறு ஏதோ வேலை செய்துகொண்டே கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் எல்லா ஆல்பமும் தேறிவிடும். எடைபோட வேண்டும் என்றால் நல்ல ஹெட்போன், சத்தமில்லாத அறை, ஷஃபிள் அணைக்கப்பட்ட பிளேயர், இவ்வளவாவது வேண்டும். ஒலியளவை ரொம்பக் குறைத்து வைக்காதீர்கள். ஒரு ஸ்வரம் தேய்ந்து மறையும் கடைசிப் பகுதியில்தான் இந்த இசையில் பாதி நடக்கிறது, அது அறைச் சத்தத்தில் மூழ்கிவிடும்.

முதல் தடவை முழுசாக, எதுவும் எழுதாமல் கேளுங்கள். இரண்டாவது தடவை தாளை எடுத்துக்கொண்டு டிராக், நிமிஷம், என்ன மாறியது என்று மூன்றை மட்டும் குறியுங்கள். ஆல்பத்தைப் பற்றிய கட்டுரை, பேட்டி, உள்ளட்டைக் குறிப்பு எதையும் இப்போதைக்குப் படிக்காதீர்கள். காரணம் ஏழாம் படியில் வரும்.

படி 2: எந்த ரகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தனி பியானோ ஜாஸ் என்று ஒரே பெயரில் மூன்று வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்து முழுக்க மனோதர்மமாக வாசிப்பது. கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆபெரா அரங்கில் வாசித்த 'தி கோல்ன் கான்சர்ட்' இந்த ரகம். இரண்டு, எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளை, ஜாஸ்காரர்கள் ஸ்டாண்டர்ட் என்று சொல்வதை, எடுத்து வாசிப்பது. அதே ஜாரெட் 1998இல் தன் வீட்டு ஸ்டுடியோவில் பதிவு செய்து 1999இல் வெளிவந்த 'தி மெலடி அட் நைட், வித் யூ' அப்படிப்பட்டது. மூன்று, எழுதி வைத்த உருப்படிகளை வைத்துக்கொண்டு அதற்குள் அலைவது. பால் பிளே 1972இல் ஆஸ்லோவில் பதிவு செய்த 'ஓப்பன், டு லவ்' ஆல்பத்தில் கார்லா பிளேயும் ஆனெட் பீகாக்கும் எழுதிய உருப்படிகளே அதிகம்.

ஒன்றின் அளவுகோலால் இன்னொன்றை அளந்தால் தீர்ப்பு தப்பாகிவிடும். 'தி மெலடி அட் நைட்'டில் ஜாரெட் பெரிதாக எதுவும் விரித்து வாசிப்பதே இல்லை. பாட்டை அதன் மெட்டோடு கிட்டத்தட்ட அப்படியே வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறார். கொலோன் ஜாரெட்டை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அங்கே முடிவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன: மெட்டின் அடியில் எந்த கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வைக்கிறார், அதில் எந்த ஸ்வரத்தை மட்டும் ஒரு இழை அழுத்திச் சொல்கிறார், வரி முடிந்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார். ரகம் தெரிந்தால் எங்கே காது வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

படி 3: இடது கையைப் பின்தொடருங்கள்

ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காது மெட்டையே பிடித்துக்கொண்டு போகும். பியானோவில் மெட்டு பெரும்பாலும் வலது கையில் இருக்கும், அதனால் நம் கவனம் முழுக்க அங்கே. ஒரு தடவையாவது வலது கையை விட்டுவிட்டு இடது கையை மட்டும் கேளுங்கள். ஆல்பத்தின் முதுகெலும்பு உறுதியா, ரப்பரா என்பது அங்கே தெரியும்.

பழகுவதற்கு இதைவிட நல்ல உருப்படி கிடையாது: பில் எவன்ஸ் 1958 டிசம்பரில் பதிவு செய்த 'பீஸ் பீஸ்'. 'எவ்ரிபடி டிக்ஸ் பில் எவன்ஸ்' ஆல்பத்தில் சாம் ஜோன்ஸ் பாஸும் (கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியம்) ஃபில்லி ஜோ ஜோன்ஸ் டிரம்ஸும் வாசிக்கிறார்கள், ஆனால் இந்த உருப்படியில் எவன்ஸ் தனியாக. இடது கையில் நடப்பது இவ்வளவுதான்: கீழே ஸி என்ற ஸ்வரம், மேலே ஒரு கார்ட், பிறகு கீழே ஜி என்ற ஸ்வரம், மேலே ஒரு கார்ட். இப்படித் திரும்பத் திரும்ப வரும் அடித்தளத்தை ஆஸ்டினாட்டோ என்பார்கள். லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் 'சம் அதர் டைம்' என்ற பாட்டுக்கு முன்னுரை மாதிரி ஆரம்பித்து, தனி உருப்படியாகவே நின்றுவிட்டது. அடுத்த வருஷம் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' தொடங்குவதும் இதே அடித்தளத்தில்தான்.

ஆறரை நிமிஷத்துக்கு மேல் ஓடும் இந்த உருப்படியில் இடது கை கிட்டத்தட்ட அசைவதே இல்லை. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடலாமா? வலது கையைக் கேளுங்கள். முதலில் அந்த இரண்டு கார்டுக்குள் அடங்கிய சாதுவான மெட்டு. கொஞ்ச நேரத்தில் வரிகளின் நீளம் மாறுகிறது, மேல் ஸ்தாயியில் சிறு சிறு கொத்துகளாக ஸ்வரங்கள் விழுகின்றன. நடுப்பகுதி தாண்டியதும் இடது கைக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்வரங்கள் வருகின்றன, பறவைகள் கத்துகிற மாதிரி, கொஞ்சம் உறுத்தலாகவே. இடது கை அதைக் கண்டுகொள்வதில்லை. அந்த இரண்டு கைகளுக்கும் இடையே விழும் பிளவுதான் உருப்படியின் உயிர். கடைசியில் வலது கை பழைய சாதுத்தன்மைக்குத் திரும்பும்போது அதே ஸ்வரங்கள் வேறு எடையோடு கேட்கின்றன.

ஆக, இடது கை மாறாமல் இருப்பது குற்றமில்லை. அது மாறாதபோது மேலே ஏதாவது ஆபத்து எடுக்கப்படுகிறதா என்பதே கேள்வி. இரண்டு கையும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. டிராக்கின் முதல் நிமிஷத்தில் இருபது விநாடி கேளுங்கள். பிறகு நான்காம் நிமிஷத்துக்குத் தாவி இருபது விநாடி. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறதா? 'பீஸ் பீஸ்'ஸில் யாராலும் முடியும். நெய்யும் பாலும் ஊற்றி மெழுகிய மாதிரி வழுவழுவென்று இருக்கும் நூற்றுக்கணக்கான ஆல்பங்களில் முடியாது. ஒரு நியாயம் மட்டும் சொல்லிவிட வேண்டும்: திரும்பத் திரும்ப வருவதையே கொள்கையாக வைத்து வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், சுவிட்சர்லாந்தின் நிக் பெர்ச் போல. அவர்களிடம் மாற்றம் மெட்டில் இருக்காது, எந்த அடி அழுத்தம் பெறுகிறது என்பதில் இருக்கும். அங்கே இருபது விநாடி போதாது, இரண்டு நிமிஷம் கேளுங்கள்.

படி 4: ஸ்வரம் எப்படி முடிகிறது?

பியானோவில் ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. சுத்தியல் தந்தியில் பட்டுத் திரும்பியதும் வாசிப்பவருக்கும் அந்த ஸ்வரத்துக்கும் உறவு முடிந்தது. புல்லாங்குழல் மாதிரி, வயலின் மாதிரி, பிடித்த ஸ்வரத்தை மெல்ல வளர்க்க முடியாது. அது தேயத்தான் செய்யும். வாசிப்பவர் கையில் இருப்பது இரண்டே அதிகாரம்: எப்போது அதை நிறுத்துவது, அது தேய்ந்துகொண்டிருக்கும்போது எந்தக் கணத்தில் அடுத்ததை உள்ளே விடுவது. வேகமாக வாசிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. தியான வகையில் எல்லாமே இதுதான்.

பால் பிளேயின் 'ஓப்பன், டு லவ்' இதற்குப் பாடப்புத்தகம். முதல் உருப்படி 'க்ளோசர்' தொடங்கியதும் கவனியுங்கள். ஒரு ஸ்வரத்தை வைக்கிறார், அது மெலிந்து இல்லாமலே போகும் அளவுக்குக் காத்திருக்கிறார். 'சரி, அவ்வளவுதான்' என்று நாம் நினைக்கும் நேரத்தில் அடுத்தது வருகிறது. வருவது நாம் ஊகித்த ஸ்வரமாக இருப்பதில்லை. அந்த இடைவெளியில் நம் காது ஏதோ ஒன்றை எதிர்பார்த்துவிடுகிறது, அந்த எதிர்பார்ப்போடுதான் அவர் விளையாடுகிறார். இதை மௌனம் என்று சொல்வதைவிட இழுபறி என்று சொல்லலாம்.

போலி மௌனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரே அளவு இடைவெளி. கார்ட், காத்திருப்பு, கார்ட், காத்திருப்பு. அடுத்தது எப்போது வரும் என்று மூன்றாவது தடவையிலேயே நீங்களே விரலால் சொடுக்கிச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடிகிறது என்றால் அங்கே யாரும் காத்திருக்கவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பெடல். வலது பெடலை மிதித்தால் தந்திகளின் மேல் உட்கார்ந்து நாதத்தை அடக்கும் டாம்பர்கள் எல்லாம் ஒருசேர எழும்பிவிடும், வாசித்ததெல்லாம் கலந்து ஒலிக்கும். கீழ் ஸ்தாயித் தந்திகள் நீளமானவை, கனமானவை, அவற்றின் நாதம் நெடுநேரம் நிற்கும். அதனால் கார்ட் மாறும்போது பெடலை விட்டு மிதிக்காவிட்டால் பழைய பாஸ் ஸ்வரம் புது கார்டின் அடியில் சேறு மாதிரி தங்கிவிடும். சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள், அது ஒரு நிறம். எல்லா டிராக்கிலும், எல்லா கார்ட் மாற்றத்திலும் அதே கலங்கல் இருந்தால் அது நிறம் இல்லை, பழக்கம். நல்ல வாசிப்பாளரிடம் பெடல் பாதி அளவு, கால் அளவு என்று கூடிக் குறையும். ஒரு வரி தெளிவாக, அடுத்த வரி மூட்டமாக, ஒரே ஒரு ஸ்வரம் பெடலே இல்லாமல் வறண்டு ஒலிக்கும். அந்த வறண்ட ஸ்வரம் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். முழு ஆல்பத்திலும் ஒன்றுகூட வரவில்லை என்றால் பெடலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஒலிப்பதிவு சேர்க்கும் அழகையும் தனியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். மன்ஃப்ரெட் ஐஷர் நடத்தும் ஈசிஎம் நிறுவனத்தின் பதிவுகள் விசாலமான எதிரொலிக்குப் பேர்போனவை. பலர் அதை வைத்தே அந்த நிறுவனத்தைக் கேலி செய்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நிறுவனம் வெளியிட்ட 'ஓப்பன், டு லவ்'வில் எதிரொலி இல்லாவிட்டாலும் பிளேயின் முடிவுகள் அப்படியே நிற்கும். எதிரான உதாரணம், சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவே கம்பளித் துணியைச் செருகி, மைக்கை உள்ளே நுழைத்து, கட்டை ஏறி இறங்கும் 'டக் டக்' சத்தத்தோடு பதிவு செய்யும் இப்போதைய மோஸ்தர். காதருகே யாரோ வாசிப்பது போல இருக்கும். ஆனால் கட்டையின் சத்தம் நெருக்கத்தின் அறிகுறியாகிவிடாது. அந்தத் துணியை மனசுக்குள் உருவிவிட்டு, மீதி இருக்கும் மெட்டையும் கார்டையும் மட்டும் எடைபோடுங்கள். சில ஆல்பங்கள் அதிலும் தேறும். பல தேறாது.

படி 5: கசப்பு எங்கே?

தியானம் என்றாலே இனிப்பு என்று ஒரு எண்ணம் படிந்துவிட்டது. ஆல்பம் முழுவதும் ஒரு உரசல்கூட இல்லை என்றால், ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு ஸ்வரங்கள் ஒருசேர விழுந்து ஒரு தடவைகூட உங்களை நிமிர வைக்கவில்லை என்றால், தாளில் ஒரு கழித்தல் குறி போடுங்கள்.

தெலோனியஸ் மங்க் 1957இல் பதிவு செய்த 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்' மெதுவான ஆல்பம்தான். ஆனால் அதில் தூங்க முடியாது. அடுத்தடுத்த கட்டைகளைச் சேர்த்து அடிப்பார், ஸ்வரத்தைப் பட்டென்று வெட்டுவார், ஒரு கார்டில் நடு ஸ்வரங்களை எடுத்துவிட்டு ஓரங்களை மட்டும் வைப்பார். அந்த ஆல்பத்தின் பிற்பாடு வந்த பதிப்பில் 'ரவுண்ட் மிட்நைட்' உருவான விதம் 20 நிமிஷத்துக்கும் மேலான ஒரு டிராக்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டாயம் கேளுங்கள். அவரே எழுதிய பாட்டு, பல வருஷம் வாசித்த பாட்டு. அதை ஆரம்பிக்கிறார், நிறுத்துகிறார், ஒரு இடத்துக்குத் திரும்பி வருகிறார், வேறு கார்ட் வைத்துப் பார்க்கிறார். முடிவெடுப்பது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது பச்சையாக, தோலுரித்துக் காட்டப்படுவது இங்கேதான். இதைக் கேட்டபின் வேறு ஆல்பத்துக்குப் போனால், முழுமையாக வாசிக்கப்பட்ட டிராக்கிலும் இப்படிப்பட்ட தேர்வுகளை ஊகிக்க முடியும்.

உரசல் சத்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மால் வால்ட்ரன் கீழ் ஸ்தாயியில் ஒரு சிறு வடிவத்தை விடாமல் சுற்றுவார், அந்தப் பிடிவாதமே இருட்டாக இருக்கும். அப்துல்லா இப்ராஹிம், அப்போது டாலர் பிராண்ட் என்ற பெயரில், 1969இல் கோபன்ஹேகனில் வாசித்த 'ஆஃப்ரிக்கன் பியானோ'வில் தேவாலயப் பாடல் போன்ற இனிய பகுதிகள் உண்டு, அவற்றுக்குப் பக்கத்திலேயே இடிக்கிற இடது கையும் உண்டு. இனிப்பு அங்கே சம்பாதிக்கப்பட்டதாக இருக்கிறது.

படி 6: மெதுவாக இருந்தாலும் தாளம் உயிரோடு இருக்கிறதா?

மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஜாஸ் வாசிப்பாளரிடம் மெட்டு அந்தத் தட்டுக்குச் சற்று முன்னாலோ சற்றுப் பின்னாலோ விழுந்துகொண்டே இருக்கும், ஆனாலும் தட்டு தொலைந்துபோகாது. தாளமே இல்லாமல் அலைகிற பகுதியிலும் மூச்சு மாதிரி ஒரு கணக்கு ஓடும். மெட்டு எப்போதும் தட்டின் மேலேயே சப்பென்று உட்கார்ந்தாலோ, தட்டவே பிடி கிடைக்காமல் நெளிந்துகொண்டே இருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

'இது ஜாஸே இல்லை, நியூ ஏஜ்' (மன அமைதிக்கான மென்மையான இசை) என்று சீட்டு ஒட்டுவதோடு சிலர் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். ஜார்ஜ் வின்ஸ்டன் 1980இல் 'ஆட்டம்' வெளியிட்டபோது இந்தச் சீட்டு அவர்மேலும் விழுந்தது, அவர் தன் வாசிப்பை நாட்டுப்புற பியானோ என்றுதான் சொன்னார். சீட்டைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டாம். அவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மேலே சொன்னவைதான்.

படி 7: இப்போது கதையைப் படியுங்கள், சந்தேகத்தோடு

இந்த வகை ஆல்பங்கள் கதையோடு வருகின்றன. கொலோன் கச்சேரிக்கு ஜாரெட் கேட்ட பெரிய பொசெண்டோர்ஃபர் பியானோ வரவில்லை. மேடையில் இருந்தது சின்னது, மேல் ஸ்தாயி கீச்சென்று, பாஸ் பலவீனமாக, பெடல் சரியாக வேலை செய்யாமல். ஏற்பாடு செய்த வேரா பிராண்டஸுக்கு அப்போது வயது 18. ஜாரெட் கிட்டத்தட்ட மறுத்துவிட்டு, பிறகு வாசித்தார். 'தி மெலடி அட் நைட்' அவரை நெடுநாள் முடக்கிப்போட்ட தீராச் சோர்வு நோயிலிருந்து மீண்டு வரும்போது பதிவானது. ஸ்வீடன் பியானோ கலைஞர் எஸ்பியோன் ஸ்வென்சன் 2008இல் நீரடி நீச்சல் விபத்தில் இறந்தார். அதற்குச் சற்று முன் வீட்டில் தனியாகப் பதிவு செய்திருந்தது 2022இல் 'ஹோம்.எஸ்.' என்று வெளிவந்தது.

முதலில் கதையைப் படித்துவிட்டால் ஒவ்வொரு இடைவெளியிலும் நோய் கேட்கும், ஒவ்வொரு தேய்விலும் மரணம் கேட்கும். அந்தச் சோகத்தை நாம்தான் உள்ளே ஊற்றுகிறோம். ஆகவே கதையில் எது காதில் விழுகிறதோ அதை மட்டும் கணக்கில் எடுங்கள். கொலோன் கதையில் அப்படி ஒன்று இருக்கிறது. அந்த பியானோவின் இரு கோடிகளும் சரியில்லாததால் ஜாரெட் நடுப்பகுதியிலேயே அதிகம் நிற்கிறார், பாஸுக்கு வலு சேர்க்க இடது கையில் உருளும் வடிவங்களை விடாமல் வாசிக்கிறார். முதல் பகுதியில் சுமார் 12 நிமிஷம் ஏ மைனர், ஜி மேஜர் என்ற இரண்டு கார்டுக்கு இடையிலேயே ஊஞ்சலாடுகிறார். இது நேரடியாகக் கேட்கக்கூடிய விளைவு. வாத்தியத்தின் குறை இசையின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது.

அந்த 12 நிமிஷமும் சமமாக இருக்கிறதா என்றால், எனக்கு இல்லை. வலது கை வரிகளை நீட்டியும் நறுக்கியும், தேவாலயப் பாட்டின் சாயலுக்கும் தாளமற்ற அலைச்சலுக்கும் மாறியும் வாசிக்கும் வரை பிடித்து வைக்கிறது. சில இடங்களில் ஊஞ்சல் தானாக ஆடுகிறது, ஜாரெட் அடுத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறார். முழுக்க மனோதர்மமாக வாசிக்கும்போது அந்தத் தேடலும் பதிவில் வந்தே தீரும். அவர் முனகுவதையும் காலால் தட்டுவதையும் பற்றிக் கேட்கிறீர்களா? பழகிவிடும். மதிப்பெண் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

படி 8: ஆல்பமாக நிற்கிறதா?

இப்போது உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் எதிரே எழுதியது வேறு வேறாக இருக்கிறதா? நான்கு டிராக்குக்கு 'மெதுவாகத் தொடங்கி, நடுவில் கொஞ்சம் உயர்ந்து, மறுபடி அடங்குகிறது' என்றே எழுதியிருந்தால், அந்த ஆல்பத்தில் ஒரு டிராக்தான் இருக்கிறது.

கிரெய்க் டேபோர்னின் 'அவெஞ்சிங் ஏஞ்சல்' (2011) ஆல்பத்தில் 13 உருப்படிகள், ஒவ்வொன்றும் பியானோவிடம் வேறு ஒரு காரியத்தைக் கேட்கிறது. ஒன்றில் ஒற்றை ஸ்வரங்கள் சொட்டுகின்றன, இன்னொன்றில் இரு கையும் இயந்திரம் மாதிரி பின்னுகின்றன. பிராட் மெல்டாவின் 'எலிஜியாக் சைக்கிள்' (1999) வேறு வழி: 'பார்ட்' என்று தொடங்கி, 'தி பார்ட் ரிட்டர்ன்ஸ்' என்று முடிகிறது. முதலில் கேட்ட கரு நடுவில் வேறு வேடங்களில் வந்துபோகும். எது சிறந்தது என்பது இல்லை. வரிசையைக் கலைத்தால் ஏதாவது நஷ்டமாகிறதா என்று பாருங்கள். ஒன்றுமே நஷ்டமாகாது என்றால் அது தொகுப்பு.

பழைய ஆல்பங்களில் இசைத்தட்டின் பக்க அளவையும் நினைவில் வையுங்கள். கொலோனின் இரண்டாம் பகுதி ஏ, பி என்று பிரிந்திருப்பது தட்டின் பக்கம் தீர்ந்துபோனதால். இசையில் அங்கே இடைவெளி இல்லை.

படி 9: ஸ்டாண்டர்ட் இருந்தால் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்

'ஐ லவ்ஸ் யூ, போர்கி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் பாட்டு. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு வாசித்தது ஒன்று, 'தி மெலடி அட் நைட்'டின் முதல் டிராக்காக ஜாரெட் தனியாக வாசித்தது ஒன்று. எவன்ஸுக்கு ஸ்காட் லஃபாரோவின் பாஸ் கீழே இருப்பதால் இடது கை சுதந்திரமாக நடுவில் மிதக்கலாம். ஜாரெட்டுக்கு அந்த வசதி இல்லை, பாஸையும் கார்டையும் மெட்டையும் பத்து விரலில் பங்கிட வேண்டும். எதை விட்டுவிடுகிறார் என்று கேளுங்கள். ஒரே பாட்டு, இரண்டு பேர், எங்கே பிரிகிறார்கள் என்பதைக் குறித்தால் போதும், அந்த இடங்கள் எல்லாம் முடிவுகள்.

படி 10: தீர்ப்பை எழுதுங்கள்

சில நாள் இடைவெளி விட்டு, ஆல்பத்தைப் போடாமலே, அதிலிருந்து ஒரு இடத்தையாவது மனசுக்குள் ஓட்ட முடிகிறதா பாருங்கள். பிறகு மூன்றாவது தடவை கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள். 'மனதை வருடும்', 'ஆன்மாவைத் தொடும்', 'வேறு உலகத்துக்கு அழைத்துச் செல்லும்' ஆகிய மூன்றையும் தடை செய்யுங்கள். இவை எல்லா ஆல்பத்துக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. பதிலுக்கு இப்படி எழுதலாம்: 'மூன்றாவது டிராக்கில் இடது கை நான்கு நிமிஷம் ஒரே வடிவத்தில் நிற்கிறது, வலது கை அதை ஒரு தடவைகூட மீறவில்லை. ஐந்தாவது டிராக்கில் பெடல் இல்லாமல் விழும் ஒரு கீழ் ஸ்வரம் முழு ஆல்பத்தையும் விழிக்க வைக்கிறது. அப்படிப்பட்ட இடம் இன்னும் இரண்டு இருந்திருந்தால் திரும்ப வருவேன்.' படிக்கிறவர் அந்த இடத்துக்குப் போய்த் தானே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், சண்டையும் போடலாம்.

தேறாத ஆல்பத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. வேலை செய்யும்போது ஓடவிட நன்றாகத்தான் இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள்.

காதைப் பழக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் வரிசை: முதலில் 'பீஸ் பீஸ்', இடது கையை மட்டும் ஒரு முறை, இரண்டையும் சேர்த்து ஒரு முறை. அடுத்து 'ஓப்பன், டு லவ்', ஸ்வரங்கள் முடியும் விதத்துக்காக. பிறகு மங்க்கின் அந்த நீண்ட 'ரவுண்ட் மிட்நைட்'. 'தி மெலடி அட் நைட்' அதற்கப்புறம். 'தி கோல்ன் கான்சர்ட்'டைக் கடைசியில் வையுங்கள், கதையெல்லாம் முன்பே காதில் விழுந்திருக்கும், அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்க அதற்குள் கொஞ்சம் பயிற்சி வந்திருக்கும்.